நாலாம் நிரல்

ஹெதர் தந்த கொப்பியில் நாலு நிரல்:
நேரம், உணவு, அளவு.
நாலாவது எல்லாவற்றிலும் ஒடுக்கமானது.
எப்படி இருந்தது?
ஒரு சொல் போதும் என்றாள்,
பசி, நிறைவு, சலிப்பு, அந்த மாதிரி.
மூன்றை ஆங்கிலத்தில் நிரப்பினேன்.
நாலாவதை மட்டும் தமிழில்.

டிசம்பரில் ஆராவது இதைத் தொடங்குவினமோ என்று
குணசீலன் கேட்டார், வாயில் பகோடாவோடு.
இரத்தச் சீனிக்குக் கலண்டர் தெரியாது என்று
நான் சொல்லவில்லை.
அவர் தின்றதை எண்ணினேன். ஆறு.
அது என் கொப்பியில் வராது.

முதல் மூன்று நாள் நான் உத்தமி.
ஓட்ஸ் அரைக் கோப்பை.
வெள்ளரிக்காய், அளவில்லை.
பாணில் ஒரு துண்டு; அதன் கரையை வெட்டி
குப்பையில் போட்டதையும் எழுதினேன்.

பதினெட்டாம் தேதி
நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விருந்து.
மிஸ்டர் டொனெலிக்குத் தொண்ணூற்றொன்று.
கடுதாசி முடி காதுவரை இறங்கியிருக்க
நான் ஊட்டியதில் பாதியை மென்றவர்
என் கையிலிருந்த கரண்டியைப் பறித்து
புடிங் கொஞ்சம் அள்ளி என் வாய்க்கு நேரே பிடித்தார்.
கை நடுங்கியது. சிந்தும்.
வாயைத் திறந்தேன்.
12.40, புடிங், ஒரு கரண்டி.
நாலாம் நிரலில்: அவருடைய கரண்டி.

இருபத்துநாலு இரவு, பெண்டில் ஹில், றீற்றா அக்கா வீடு.
ஒண்டு எடும், ஒண்டுதானே என்பா.
அந்த வீட்டுக் கணக்கில் ஒண்டு என்றால் நாலு.
றோல்ஸ் இரண்டு, சிறியது.
பற்றிஸ் மூன்று, சிறியது.
சிறியது என்ற சொல்லுக்கு அன்று ஓயாத வேலை.
குளியலறைக்குள் ஒளித்திருந்து எழுதினேன்.
கதவில் தட்டினார்கள்:
என்ன பிள்ளை, வயிறு சரியில்லையோ?
வெளியே வந்தபோது இஞ்சித் தேத்தண்ணி ஆயத்தம்.
9.55, தேத்தண்ணி, சீனி மூன்று கரண்டி.
நாலாவதில்: விசாரிப்பு.

இருபத்தாறு.
டூங்காபியில் மரியதாஸின் பின்வளவு.
முப்பத்தெட்டுப் பாகை. புல் சுருண்டு கிடந்தது.
மெல்பேர்ன் கிரிக்கெட்டை
ஆண்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு
சொசேஜைக் கருக்கினார்கள்.
என் தட்டில் ஆட்டிறைச்சி, சோளம், உருளைக்கிழங்குச் சலட்.
இரண்டு மணிக்குத் தட்டை வைத்துவிட்டேன்.
எந்த வருடமும் அப்படித்தான், ஆரும் கேட்பதில்லை.
சுகிர்தா வந்து மூடிபோட்டு மூடினாள், இலையானுக்கு.

அந்த வருடமும் இரண்டு மணிதான்.
முல்லைத்தீவில் அப்போது காலை.
ஃபோன் அடித்தபோது என் வாயில்
முதல்நாள் மிஞ்சிய கேக்.
விழுங்கினேனா துப்பினேனா,
அப்போது என்னிடம் கொப்பி இல்லை.

2.00.
உணவுக்கு ஒரு கோடு.
அளவுக்கு ஒரு கோடு.
நாலாவதில் தம்பியின் பெயரை எழுதினேன்.
ஒரு சொல் போதும் என்றாளே.
ஐந்து எழுத்து. கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

ஜனவரி ஏழு. தராசு அறுநூறு கிராம் குறையக் காட்டியது.
ஹெதர் பச்சைப் பேனையால் பக்கம் பக்கமாகச் சரி போட்டாள்.
'சிறியது'களைக் கண்டு
புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.
இருபத்தாறில் நின்றாள்.
இறைச்சி சுடும் வீட்டில் வெறுந்தட்டா!
பிரமாதமான கட்டுப்பாடு என்று
இரண்டு சரி போட்டாள்.
ஒரு சரியின் வால் பெயருக்கு மேலால் போனது.
இது என்ன சொல் என்று கேட்டாள்.

பசியில்லை என்றேன்.

ஸ்டேஷனடியில் சிப்ஸ் வாங்கினேன்.
உப்பு, வினிகிரி, சுடச்சுட.
ரயில் வர எட்டு நிமிடம்.
11.20, சிப்ஸ், பெரியது.
நாலாவதில் எழுத விரலைத் துடைத்தேன்.
எண்ணெய் போகவில்லை.